கறுப்பு அங்கியும் கணக்குப் புத்தகமும்

தேர்வு முடிவு வந்த மறுவாரம் மூன்று பேர் நம் அலுவலகத்துக்கு வந்தார்கள். அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மொட்டைமாடியில் தகரம் போட்ட ஓர் அறை, விற்காத இதழ்க் கட்டுகள், சுற்றினால் சத்தம் மட்டும் போடும் ஒரு மின்விசிறி. அவ்வளவுதான். மூவரும் அரசு விடுதியில் தங்கிப் பட்டப்படிப்பு முடித்தவர்கள். அந்த விடுதிகளுக்கு 2025-இல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். பலகை மாறிய வேகத்தில் குழம்பு மாறவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

முதல் தம்பியின் கையில் ஒரு தனியார் கல்லூரியின் வழவழப்பான விளம்பர அட்டை. நூறு விழுக்காடு வேலை உறுதியாம். "அண்ணே, எம்.பி.ஏ.வுக்கு சீட்டு இருக்குன்னு போன் மேல போன் பண்றாங்க. நாளைக்குள்ள பத்தாயிரம் கட்டணுமாம். அப்பா சென்ட்ரிங் வேலைக்குப் போறாரு, வட்டிக்கு வாங்கித் தரேங்கிறாரு. கட்டலாமா?"

இரண்டாவது தம்பிக்குச் சட்டம். "நம்ம தோழர்கள் எல்லாம் லா படி, லா படின்னு சொல்றாங்க. படிச்சிட்டா சோறு யாரு போடுவா? அதைத்தான் யாரும் சொல்லலே."

மூன்றாவதாக வந்த தங்கச்சி வெகுநேரம் பேசவில்லை. பி.காம். முடித்திருக்கிறார். கேட்டபிறகுதான் சொன்னார்: "நான் சி.ஏ. படிக்கணும்னு இருக்கேன். எங்க சார்கிட்ட சொன்னேன், சிரிக்கிறாரு."

இந்த மூன்று பேருக்கும் பதில் சொல்லாமல் விடுதலை பற்றித் தலையங்கம் எழுதுவது வெட்கக்கேடு. அதனால் இந்த இதழின் தலையங்கம் அவர்களுக்கு.

முதலில் நம்மைப் பற்றியே சொல்லிவிடுவோம். சேரியிலிருந்து ஒரு பிள்ளை பட்டம் வாங்கிவிட்டால் இயக்கத்துக்காரர்களான நமக்குத் தெரிந்த அறிவுரை ஒன்றே ஒன்றுதான்: சட்டம் படி. எம்.பி.ஏ. என்றால் முகம் சுளித்தோம், முதலாளிக்குச் சேவகம் செய்யப் போகிறான் என்றோம். கணக்கு, நிதி, வங்கி என்றால் அது நமக்கில்லை, செட்டிக்கும் பனியாவுக்கும் அய்யருக்கும் உரியது என்று நாமே ஒதுங்கிக்கொண்டோம். சூத்திரன் பொருள் சேர்க்கக் கூடாது என்று மனு எழுதிவைத்தான். மனுவைக் கொளுத்திய நாம் அந்த ஒரு வரியை மட்டும் கொளுத்தாமல் விட்டுவிட்டோமோ?

நம் சுவரில் தொங்கும் அம்பேத்கர் படத்தைப் பாருங்கள். நீலக் கோட்டு, கையில் அரசமைப்புச் சட்டம். அவர் பாரிஸ்டர் ஆனது 1922-இல். ஆனால் 1915-இல் கொலம்பியாவில் அவர் வாங்கிய முதுகலைப் பட்டம் பொருளாதாரத்தில். 1923-இல் இலண்டனில் வாங்கிய டி.எஸ்.சி. பட்டம் ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வுக்கு. மாகாண நிதி பற்றிய நூல் 1925-இல் வந்தது. அதே ஆண்டு இந்திய நாணயம் பற்றி விசாரித்த ஹில்டன் யங் ஆணையத்தின் முன் சாட்சியம் சொன்னார். பாம்பே சிடென்ஹாம் வணிகவியல் கல்லூரியில் 1918-இல் பேராசிரியராகச் சேர்ந்தபோது, ஆசிரியர்களுக்கு வைத்த பானையில் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சக பேராசிரியர்கள் தடுத்தார்கள். முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கியபோது, தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வந்த வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். காசு எப்படி ஓடுகிறது, எங்கே நிற்கிறது, யார் பையில் விழுகிறது என்று படித்தவர் அவர். அந்தப் பாதியை நாம் படத்துக்குப் பின்னால் மறைத்துவிட்டோம்.

சட்டம் வேண்டாம் என்றா சொல்கிறோம்? இல்லவே இல்லை. மகத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் எடுத்துக் குடித்தது 1927-இல். அந்தக் குளம் தங்களுக்கே சொந்தம் என்று சாதி இந்துக்கள் போட்ட வழக்கு பாம்பே உயர்நீதிமன்றத்தில் தோற்று முடிந்தது 1937-இல். குடிக்க ஒரு நிமிடம், குடித்தது சரிதான் என்று நிலைநாட்டப் பத்து வருடம்! போராட்டம் தெருவில் தொடங்குகிறது. அதன் பலனைக் காப்பாற்ற நீதிமன்றத்தில் பத்து வருடம் உட்கார ஆள் வேண்டும். கீழ்வெண்மணியில் 1968-இல் 44 பேரை எரித்த வழக்கில் நிலப்பிரபு உயர்நீதிமன்றத்தில் விடுதலையானான். பஞ்சமி நிலத்தை மீட்கப் போன காரணையில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அந்த நிலங்களைப் பத்திரம் பத்திரமாக, சர்வே எண் சர்வே எண்ணாகத் தேடி வழக்கு நடத்த இன்றும் நமக்கு ஆள் போதவில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. அதன் 15-ஆம் பிரிவை ஒருமுறை படியுங்கள். சிறப்பு அரசு வழக்குரைஞராக நியமிக்கப்படுகிறவர் குறைந்தது ஏழு ஆண்டுகள் வழக்குரைஞர் தொழில் நடத்தியிருக்க வேண்டும். விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது: பாதிக்கப்பட்டவர்கள் விரும்பினால் அனுபவம் மிகுந்த மூத்த வழக்குரைஞரை அமர்த்தலாம். கோகுல்ராஜ் 2015-இல் கொல்லப்பட்டார். நம்பிக்கையான வழக்குரைஞர் வேண்டுமென்று அவர் தாய் விடாமல் போராடினார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது, 2023-இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தாயின் உறுதியோடு, கற்றறிந்த வழக்குரைஞரின் உழைப்பும் சேர்ந்ததால்தான் இது நடந்தது.

ஏழு ஆண்டு! இங்கேதான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள். எல்.எல்.பி. படிக்க அரசு சட்டக் கல்லூரியில் செலவு குறைவு. பட்டம் வாங்கிவிடுகிறார்கள். பிறகு என்ன? சாதி இந்து வீட்டுப் பிள்ளைக்கு மாமா அறை இருக்கிறது, சித்தப்பா கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். முதல் ஐந்து வருடம் சம்பாதிக்காவிட்டாலும் வீட்டில் தட்டு இருக்கும். நம் பிள்ளை ஏதோ ஒரு சீனியரிடம் சேர்ந்து கட்டுத் தூக்குகிறான், வாய்தா வாங்குகிறான், தேநீர் வாங்கி வருகிறான். மாலையில் கையில் வைப்பது பஸ் காசு. "எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம்?" என்ற கேள்விக்குப் பிறகு அந்தப் பஸ் காசும் சிலருக்கு நின்றுவிடுகிறது. மூன்றாவது வருடம் அங்கியை மடித்து வைத்துவிட்டு ஏதாவது கம்பெனியில் சேர்ந்துவிடுகிறான். ஏழாவது வருடத்தை எட்டுவதற்கு ஆளே இல்லை என்றால் 15-ஆம் பிரிவு யாருக்கு?

சில கதவுகள் திறந்திருக்கின்றன, தெரிந்துகொள்ளுங்கள். பார் கவுன்சிலில் பதிவு செய்ய மாநிலத்துக்கு மாநிலம் பத்தாயிரக்கணக்கில் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம் அதைத் தடுத்தது: சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய்தான். அதற்கு முந்தைய மாதம் சென்னை உயர்நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர வேண்டும் என்று சொன்னது. எத்தனை சீனியர்கள் தருகிறார்கள் என்று உங்கள் ஊர் நீதிமன்ற வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள்.

உச்சியில் நிலைமை என்ன? 2018 முதல் 2022 வரை உயர்நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்ட 537 நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை என்று ஒன்றிய சட்ட அமைச்சகமே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னது. தலைமை நீதிபதி இருக்கைக்கே போனாலும் என்ன ஆகிறது? 2025 அக்டோபரில் பி.ஆர்.கவாய் அமர்ந்திருந்த நீதிமன்ற அறைக்குள்ளேயே ஒரு வழக்குரைஞர் சனாதனத்தின் பேரைச் சொல்லிச் செருப்பு வீச முயன்றான். ஆகவே இரண்டாவது தம்பிக்கு நம் பதில்: படி. ஆனால் உன்னைத் தனியாக அனுப்புவது துரோகம். அதைக் கடைசியில் பேசுவோம்.

இப்போது தங்கச்சியிடம் வருவோம். இவர் தெருவில் மகளிர் குழு ஒன்று. அம்மா அதில் உறுப்பினர். மாதாமாதம் கட்டிய தவணையில் இரண்டு மாதப் பணம் வங்கிப் புத்தகத்தில் ஏறவே இல்லை. பத்துப் பெண்களும் கட்டினோம் என்கிறார்கள், கட்டவில்லை என்கிறது புத்தகம். இந்தப் பிள்ளைதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து குழுவின் நோட்டையும் வங்கிப் புத்தகத்தையும் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பணம் யார் கையில் நின்றது என்று கண்டுபிடித்தார். மறுவாரம் பணம் ஏறியது. சத்தம் இல்லை, முழக்கம் இல்லை. "அன்னைக்குத்தாண்ணே எனக்குப் புரிஞ்சது, கணக்குத் தெரிஞ்சவளை ஏமாத்த முடியாது" என்றார்.

இந்தத் தெருக் கணக்கை அப்படியே நாட்டுக் கணக்காகப் பெருக்கிப் பாருங்கள். மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பப் பட்டியல் சாதியினருக்குத் திட்ட நிதியை ஒதுக்கும் சிறப்புக்கூறுத் திட்டம் 1979-இல் தொடங்கியது. 2010-இல் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டு நடத்தினார்களே, அதற்கு இந்த நிதியிலிருந்து சுமார் 700 கோடி ரூபாயைத் திருப்பினார்கள். சேரிக்கு வர வேண்டிய கழிவறையும் விடுதியும் விளையாட்டு அரங்கமாகிப் போயின. எப்படி வெளியே தெரிந்தது? தகவல் உரிமைச் சட்டத்தில் காகிதங்களை வாங்கி, தலைப்பு தலைப்பாகப் பிரித்துப் படித்தவர்களால் தெரிந்தது. இதற்கெனத் தனிச் சட்டமே 2013-இல் இயற்றிய கர்நாடகத்தில், 2023-24-இல் 11,000 கோடி ரூபாய்க்கு மேல் எல்லோருக்குமான உத்தரவாதத் திட்டங்களின் கணக்கில் காட்டினார்கள். தமிழ்நாட்டிலும் 2024-இல் சட்டம் வந்துவிட்டது. நல்லது. அந்தச் சட்டப்படி ஒதுக்கிய பணம் எந்தத் தலைப்பில் போகிறது, எந்தத் தலைப்பில் திரும்பி வருகிறது என்று நிதிநிலை அறிக்கையைப் படித்துச் சொல்ல நம் இயக்கங்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? மாவட்டத்துக்கு ஒருவர்கூட இல்லை என்றால், கோடிக்கணக்கில் போனாலும் நாம் மைக்கைப் பிடித்து "கொள்ளை, கொள்ளை" என்று கத்தலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது.

அதனால் தங்கச்சி, உங்கள் சார் சிரிக்கட்டும். பட்டம் முடித்தவர்கள் சி.ஏ.வில் முதல் கட்டத் தேர்வு எழுதாமலே நேரடியாக இடைநிலைக்குச் சேரலாம். வணிகவியல் படித்தவர்களுக்கு 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். அலுவலகப் பயிற்சி முன்பு மூன்று வருடம், 2023-இல் வந்த புதிய முறையில் இரண்டு வருடம். ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தத் தேர்வில் இடஒதுக்கீடு கிடையாது. பயிற்சிக்கு இடம் கொடுக்கும் ஆடிட்டர் அலுவலகங்கள் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின், ஒரு சாதியின் கையில். தரும் உதவித்தொகை அறை வாடகைக்கே காணாது. ஒரே முயற்சியில் தேறுவோர் எல்லாச் சாதியிலும் குறைவு. ஆகவே கையில் இன்னொன்றும் இருக்கட்டும். அரசுக் கல்லூரியில் எம்.காம். சேர்ந்துகொண்டு வங்கித் தேர்வுக்கும் படிக்கலாம். அடக்கவிலைக் கணக்காளர் படிப்பான சி.எம்.ஏ.வும் இருக்கிறது. சோறு போடும் வேலை ஒன்றில் நின்றுகொண்டு பெரிய தேர்வை எழுதுவது அவமானம் இல்லை.

முதல் தம்பிக்கு என்ன சொல்வது? எம்.பி.ஏ. பாவம் என்று சொல்ல மாட்டோம். நாளைக்குப் பத்தாயிரம் கட்டாதே என்று மட்டும் சொல்வோம். தமிழ்நாட்டில் இதற்கு டான்செட் தேர்வு இருக்கிறது, கலந்தாய்வு இருக்கிறது. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் நம் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு, பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். போன் போட்டுக் கூப்பிட்டுத் தருகிற நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு அது கிடையாது. இதைச் சொல்லாமல் "ஸ்காலர்ஷிப் வாங்கித் தரோம்" என்று சேர்த்துவிட்டு, இரண்டாம் வருடம் சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொண்டு பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அப்பா வாங்கும் வட்டி அங்கேதான் குட்டி போடும்.

நூறு விழுக்காடு வேலை என்கிறார்களே, என்ன வேலை, எவ்வளவு சம்பளம், போன வருடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று கேள். அங்கே படித்து முடித்த பையன்களையே தேடிப் பிடித்துக் கேள். பெரும்பாலும் கிடைப்பது காப்பீடு விற்கும் வேலை அல்லது கடன் வசூல். நம் பிள்ளை டை கட்டிக்கொண்டு வண்டியில் போய், இன்னொரு சேரியில் நம் அம்மாக்களிடமே தவணை கேட்டு வாசலில் நிற்பதற்கா எம்.பி.ஏ.?

படிப்பதானால் மேலே பார். ஐ.ஐ.எம்.களில் பட்டியல் சாதிக்கு 15, பழங்குடிக்கு 7.5 விழுக்காடு இடம் இருக்கிறது. திருச்சியிலேயே 2011 முதல் ஒன்று நடக்கிறது. நுழைவுத் தேர்வான கேட்டுக்கு நமக்குப் பாதிக் கட்டணம். பெரிய ஐ.ஐ.எம்.களில் இரண்டு வருடச் செலவு இருபது லட்சத்தைத் தாண்டும். பயந்துவிடாதே. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் ஒன்றிய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், இடங்கள் எண்ணிக்கைக்குள்தான். அக்கிரகாரம் போலத்தான் அந்த வளாகங்களும் இருக்கும். ஆசிரியர் நியமனத்தில் இடஒதுக்கீட்டுக்கு 2019-இல் சட்டம் வந்தபிறகும், எங்களுக்கு விலக்குக் கொடுங்கள் என்று கேட்டவர்கள் அவர்கள். அதற்காக நாம் ஏன் வெளியே நிற்க வேண்டும்?

தொழில் நடத்தவும் நம்மில் ஆள் வேண்டும். ஒன்றிய அரசும் அதன் நிறுவனங்களும் வாங்கும் மொத்தப் பொருளில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் சிறுதொழில்களிடம் வாங்க வேண்டும் என்று 2012-இல் ஆணை வந்தது. அந்த நாலு நிறைவேறவில்லை. விற்க ஆள் இல்லை என்று காரணம் சொல்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2023-இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் கொண்டுவந்து 35 விழுக்காடு மானியம் என்றது. மானியம் வாங்கத் திட்ட அறிக்கை எழுத வேண்டும், வங்கி மேலாளரின் மேசை முன் உட்கார்ந்து அதற்குக் கணக்கில் பதில் சொல்ல வேண்டும். நிர்வாகம் படித்த பிள்ளை தன் ஊரில் நாலு பேருக்கு அதைச் செய்துகொடுத்தால் அதுவும் இயக்க வேலைதான்.

எதைப் படித்தாலும் தேதியை விடாதீர்கள். உத்தரப்பிரதேசத்தில் ஒரு தினக்கூலித் தொழிலாளியின் மகன் தன்பாத் ஐ.ஐ.டி.யில் கிடைத்த இடத்துக்கு 17,500 ரூபாயைக் கடைசி நிமிடத்துக்குள் கட்ட முடியாமல் இடத்தை இழந்தான். 2024 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் வரை போய்த்தான் திரும்பப் பெற்றான். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, கட்டணத் தேதி. இந்த நான்கையும் இரண்டு மாதம் முன்பே கையில் வையுங்கள்.

இனி நம் முறை. அரசு வேலையில் இருக்கும் தோழர்களே, இடஒதுக்கீட்டில் ஏறி வந்தவர்களே, உங்களிடம்தான் கேட்கிறோம். மாதம் 500 ரூபாய் தரக்கூடிய 30 பேர் ஒரு மாவட்டத்தில் இல்லையா? முப்பதை ஐந்நூறால் பெருக்குங்கள், 15,000. உயர்நீதிமன்றம் சொன்ன அதே தொகை. சீனியர் தராவிட்டால் நாம் தருவோம். மூன்று வருடம் தாங்கினால் அந்த ஜூனியர் சொந்தக் காலில் நிற்பான், ஏழாவது வருடம் நம் வழக்கை நடத்துவான். மூன்று வருடத்துக்கு மொத்தம் 5 லட்சத்து 40 ஆயிரம். ஒரு மாநாட்டுக்கு பேனர் வைக்கும் காசு! தலைவரின் முகம் மழையில் கிழிந்து தொங்குவதற்குப் பதில் ஒரு வழக்குரைஞர் நமக்குக் கிடைப்பார். அதே நிதியில் சி.ஏ. பயிற்சியில் இருக்கும் ஒரு தங்கச்சிக்கு அறை வாடகை கொடுங்கள். ஆண் பிள்ளைக்கு மட்டும் என்று சுருக்கிவிடாதீர்கள். வெளியூரில் தங்க இடமில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்த பெண்பிள்ளைகள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

படிக்கப் போகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். வேலைக்குப் போய் டவுனில் வீடு வாங்குங்கள், கார் வாங்குங்கள், நமக்குச் சந்தோஷம்தான். சேரியில் பிறந்தவன் ஏழையாகவே செத்தால்தான் புரட்சியாளன் என்று நாம் நம்பவில்லை. ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து, பஞ்சாயத்துக் கணக்கையோ ஒரு பத்திரத்தையோ ஒரு கடன் காகிதத்தையோ படித்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.

மூவரும் கிளம்பும்போது மணி ஏழாகிவிட்டது. முதல் தம்பி விளம்பர அட்டையை மேசையிலேயே விட்டுவிட்டு, டான்செட் எப்போது என்று எழுதிக்கொண்டு போனான். இரண்டாவது தம்பிக்கு அன்றிரவே பன்னிரண்டு பேர் பெயர் சேர்ந்திருக்கிறது, இன்னும் பதினெட்டுப் பேர் வேண்டும். தங்கச்சி போகிற போக்கில் நம் சந்தா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "அண்ணே, கூட்டல் தப்பா இருக்கு" என்றார்.

திருத்திக்கொண்டோம். அந்தப் பதினெட்டுப் பேரில் நீங்கள் ஒருவரா?

- ஆசிரியர் குழு